நாற்பது பக்க நோட்டும் ஒற்றை பீப்பும்

இப்போதும் இரண்டு வரி தட்டச்சு செய்துவிட்டால் போதும், என் இடது கைச் சுண்டுவிரல் தானாகப் போய் கன்ட்ரோல் விசையில் உட்கார்ந்துகொள்ளும், பக்கத்து விரல் எஸ் விசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வரும். எழுதுவதெல்லாம் அந்தந்த நொடியே சேமிப்பில் ஏறிக்கொண்டிருக்கிறதே அப்பா, இன்னும் எதற்கு இந்தத் தட்டல் என்று மகள் கேட்பாள். இந்த விரல்கள் 2004-இல் பழகியவை என்று சொல்வேன். அந்த வருஷம் ஆடியிலிருந்து மார்கழி வரை எங்கள் உறையூர் வீட்டுக் கம்ப்யூட்டர் எந்த நிமிஷத்தில் நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்திருக்கும். 2002 பொங்கலுக்கு முந்தின வாரம் நானும் நண்பனும் சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் காலையிலிருந்து மாலை வரை கால்கடுக்க நின்று, ஒரு கடையில் மதர்போர்டு, அடுத்த கடையில் ரேம், எதிர்வரிசையில் கேபினெட் என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து பூட்டவைத்து, அன்றிரவே மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் திருச்சிக்குக் கொண்டுவந்த பெட்டி அது. பென்டியம் 4, 256 எம்.பி. ரேம், 40 ஜி.பி. ஹார்டு டிஸ்க். கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளி, கயிற்றால் கட்டி, விழுப்புரம் தாண்டும்வரை இருவரும் தூங்கவில்லை. உள்ளே இருக்கும் ஒரு சில்லுக்குத்தான் சி.பி.யூ. என்று பெயர் என்பது எங்களுக்குத் தெரியும், ஆனாலும் அந்தப் பெட்டி மொத்தத்தையும் நாங்கள் சி.பி.யூ. என்றே சொன்னோம். தெருவே அப்படித்தான் சொன்னது.

பட்டனை அமுக்கினால் முதலில் மானிட்டர் ‘டொய்ங்’ என்று ஒரு நடுக்கத்தோடு விழிக்கும். பிறகு மின்விசிறி மூச்சு வாங்கும், ஹார்டு டிஸ்க் எங்கோ உள்ளே முறுக்கு கடிக்கிற மாதிரி கரகரக்கும், அப்புறம் வரும் அந்த ஒற்றை பீப். ஒன்று என்றால் நலம். நீளமாக விட்டுவிட்டுக் கத்தினால் ரேம் சரியாக உட்காரவில்லை என்று பொருள். அடுப்படியில் வேலையாக இருக்கும் அம்மாவுக்குக்கூட அந்தக் கணக்கு தெரியும். “வந்துருச்சாப்பா?” என்று அங்கிருந்தே கேட்பார். இன்றைய மடிக்கணினிகள் சத்தமில்லாமல் விழிக்கின்றன, சத்தமில்லாமல் உறங்குகின்றன, அவற்றின் நலத்தைக் காதால் அறிய வழியே இல்லை.

நான் அப்போது வீட்டிலேயே டி.டி.பி. வேலை செய்துவந்தேன். பகலில் கல்யாணப் பத்திரிகைகள், இரவில் ஆய்வேடுகள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் தேறிய கை. பாமினி எழுத்துருவில் மணிக்கு எத்தனை பக்கம் என்று பந்தயம் கட்டலாம். ஆடி மாதம் ஒரு ராத்திரி, எம்.ஃபில். மாணவர் ஒருவரின் மூன்றாம் அத்தியாயத்தில் நான்கு பக்கம் அடித்திருந்தபோது திரை ஒரு கணம் நீலமாக மின்னி, அணைந்து, மறுபடியும் பீப் என்றது. மின்சாரம் போகவில்லை, மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வேர்டு தானாக எடுத்துவைத்திருந்த நகலைத் திறந்தால் கட்டம் கட்டமாக ஏதோ வந்தது. அந்த நான்கு பக்கத்தையும் விடியும்வரை மறுபடி அடித்தேன். மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் இரண்டு முறை நின்றது. தினமும் வருகிற காய்ச்சலுக்கு மருந்து சொல்லிவிடலாம், விட்டுவிட்டு வருவதற்குத்தான் ஊரே மருத்துவராகிவிடும்.

அப்பா வோல்டேஜ் என்றார். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும்போதெல்லாம் நம் வீட்டுக் குழல்விளக்கு மங்குகிறதே, அதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். எதிர்வீட்டுப் பையன் வைரஸ் என்றான். அவன் அப்படிச் சொன்னதற்கு நியாயம் இருந்தது. முந்தின வருஷம், 2003 ஆகஸ்டில், பிளாஸ்டர் என்ற வைரஸ் உலகமெங்கும் பரவி, டயல்-அப்பில் போய் இரண்டு நிமிஷம் ஆவதற்குள் ‘அறுபது நொடியில் கம்ப்யூட்டர் அணையும்’ என்று திரையில் எண்ணத் தொடங்கியதும், ரன் பெட்டியைத் திறந்து ‘ஷட்டவுன்’ என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு ஒரு கோடும் ‘ஏ’யும் போட்டால் அந்த எண்ணிக்கை நின்றுவிடும் என்று அந்தப் பையன்தான் தெரு முழுக்கச் சொல்லிக்கொடுத்ததும் எங்களுக்கு மறக்கவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரரோ எதையும் கேட்கவில்லை. “ஃபார்மட் அடிச்சுருவோம் சார்” என்றார். அந்தக் காலத்தில் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் அது ஒன்றுதான் மருந்து. மூன்று முறை ஃபார்மட் அடித்தோம். மூன்று முறையும் ஒரு வாரம் நன்றாக ஓடியது போலிருந்தது, பிறகு நின்றது.

ரேமைக் கழற்றி ரப்பர் வைத்துத் தேய்த்த நாட்களை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர்தான். இருபக்கக் கவ்விகளையும் விரலால் தள்ளினால் ரேம் மேலே எழும்பி வரும். அடிப்பக்கம் வரிசையாகத் தங்கநிறப் பற்கள். ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தால் ரப்பரின் முனை கறுத்துப்போகும், பற்கள் புதுக்காசு போலப் பளிச்சென்று வரும். துகளை ஊதிவிட்டு மறுபடி பள்ளத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் ‘டிக், டிக்’ என்று இரண்டு கவ்வியும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கம்ப்யூட்டர்களை அந்த ஒரு ரூபாய் ரப்பர் பிழைக்கவைத்திருக்கிறது. இது மூடநம்பிக்கை அல்ல. பற்களில் படிந்த அழுக்கு தொடர்பைக் கெடுக்கும், துடைத்தால் தொடர்பு கூடும், அவ்வளவுதான். எங்கள் பெட்டிக்கு மட்டும் அது போதவில்லை.

அப்போதுதான் அப்பா அந்த நோட்டை வாங்கிவந்தார். நாற்பது பக்கம், கோடு போட்டது. மின்வாரியக் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர்; எதையும் எழுதிவைக்காமல் பேசுவது அவருக்குப் பிடிக்காது. “எப்ப நிக்குதுன்னு எழுது. மணி போடு. என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு எழுது. மோட்டார் ஓடுச்சான்னு எழுது.” நான் அன்றிரவே கட்டம் போட்டேன்.

எழுதத் தொடங்கிய பிறகுதான் அந்த நீலத் திரையைப் படிக்கவேண்டும் என்று தோன்றியது. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஒரு வழக்கம் உண்டு. பிழை வந்ததும் அது தானாகவே மறுபடி தொடங்கிவிடும், திரை கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். மை கம்ப்யூட்டரில் வலது சொடுக்குப் போட்டு, பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய், ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் நீலத் திரை அப்படியே நிற்கும், நாம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். படித்தேன். ஒரு நாள் ‘ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்றது. அடுத்த வாரம் ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’ என்றது, குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கம் 50. இன்னொரு நாள் வேறொன்று. ஒவ்வொன்றையும் நோட்டில் ஏற்றினேன். பொருள் தெரியாமல்தான் எழுதினேன், ஆனால் பக்கத்தைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: எதுவும் திரும்ப வரவில்லை. ஒரே குறியீடும் ஒரே கோப்பின் பெயரும் திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஒரு டிரைவரைச் சந்தேகிக்கலாம். தினம் ஒரு புகார், தினம் ஒரு பெயர் என்றால் அது பெரும்பாலும் மென்பொருள் அல்ல. உள்ளே இருக்கும் இரும்பும் தகரமும் சரியில்லை. இந்தப் பாடத்தை இணைய மையத்தில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து தேடிக் கற்றுக்கொண்டேன்.

இன்று அந்தத் திரை வெகுவாக மாறிவிட்டது. 2012-இல் அதில் ஒரு சோக முகம் வந்தது, 2016-இல் கியூ.ஆர். கட்டம் வந்தது, 2025-இல் நீலமே போய்க் கறுப்பாகிவிட்டது. மகளுடைய கம்ப்யூட்டரில் ஒருமுறை வந்தபோது அவள் கைபேசியால் அந்தக் கட்டத்தைப் படம் பிடித்தாள், அது சொன்னபடி எதையோ புதுப்பித்தாள், ஐந்தே நிமிஷம். சரியாகிவிட்டது. என்ன கோளாறு என்று கேட்டேன். தெரியலைப்பா, சரியாயிடுச்சு என்றாள். அவளுடைய நான்கு பக்கம் எங்கும் போகவில்லை, அது பெரிய விஷயம், அதற்காக உண்மையாகவே மகிழ்ந்தேன். காரணம் தெரியாமல் போனதுதான் எனக்கு ஒரு பிடி சோறு குறைந்த மாதிரி இருந்தது.

இரும்பும் தகரமும் என்று முடிவான பிறகு ஒன்றொன்றாக விலக்கினோம். மெம்டெஸ்ட்86 என்று ஒரு சின்ன மென்பொருள், 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் அடங்கும். அதை வைத்துப் பெட்டியைத் தொடங்கினால் விண்டோஸைக் கூப்பிடாமலே ரேமின் ஒவ்வொரு அறையிலும் எழுதிப் படித்துச் சோதிக்கும். கெட்ட இடம் இருந்தால் சிவப்பு வரி விழும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டு, இடையிடையே எழுந்து வந்து, இருட்டில் அந்தத் திரையின் முன் நின்றேன். காலை வரை ஒரு சிவப்பும் இல்லை. அடுத்து பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மல்ட்டிமீட்டரின் கறுப்பு முள்ளைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முள்ளை மஞ்சள் வயரிலும் வைத்தால் 12 வோல்ட் வரவேண்டும். ஐந்து சதவீதம் முன்னே பின்னே போகலாம், அதாவது 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. 11.9 காட்டியது. சிவப்பு வயரில் 5 வோல்ட்டும் ஒழுங்காக இருந்தது. மின்விசிறியில் ஒரு பூனைக்குட்டி அளவுக்குத் தூசு இருந்தது, எடுத்தோம். பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது தடவினோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பத்து நாள் எழுதினோம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடுமாம்.

மார்கழி பிறந்தது. நாச்சியார் கோயில் ஒலிபெருக்கி நாலரை மணிக்கே தொடங்கிவிடும், அந்தச் சத்தத்தில் எழுந்து நானும் வேலைக்கு உட்காருவேன். அந்த நாட்களில்தான் பெட்டி மிகவும் படுத்தியது. இரண்டு மூன்று முறை நின்று நின்று, ஏழு மணிக்கு மேல் சமர்த்தாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மூக்குக்கண்ணாடியோடு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மணிகளுக்கு நேரே பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். மோட்டார் ஓடிய நேரத்துக்கும் அது நின்ற நேரத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். தன் சந்தேகத்தைத் தானே கைவிட்ட அந்த மனிதரை அன்று எனக்கு மிகவும் பிடித்தது. பிறகு கேட்டார்: “நாம சூடு சூடுன்னு அலையறோம். இது குளிர்லதானே நிக்குது?”

உண்மை. பகல் வெயிலில் ஓடுகிறது, விடிகாலையில் நிற்கிறது. எல்லாரும் சூட்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம்.

கோயில் பக்கம் ஒரு சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாதே தம்பி என்றுதான் முதலில் சொன்னார். குளிரில் நிற்கிறது என்றதும் நிமிர்ந்து பார்த்தார். மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, சில்லுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன டப்பா போல வரிசையாக நின்றவற்றைச் சாய்வாகப் பார்த்தார். “இந்தா, தலை வீங்கியிருக்கு பாரு.” பார்த்தேன். ஒன்பது கெப்பாசிட்டர்களில் ஐந்தின் மேல்தட்டு தட்டையாக இல்லை, பொரித்த அப்பளம் போல உப்பியிருந்தது. இரண்டின் தலையில் பெருக்கல் குறி போட்ட கீறல் விரிந்து, வெல்லப்பாகு உறைந்த மாதிரி பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. ஆறு மாதமாக அந்தப் பெட்டியைத் திறந்து மூடியவன் நான். ரேமைப் பார்த்தேன், விசிறியைப் பார்த்தேன், அதைப் பார்க்கவில்லை.

பாய் விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கும் 12 வோல்ட்டை போர்டு 2 வோல்ட்டுக்கும் கீழே இறக்கித்தான் சில்லுக்குக் கொடுக்கிறது. இறக்கும்போது அது விட்டுவிட்டு வரும். மொட்டைமாடித் தொட்டி மாதிரி இந்த டப்பாக்கள் அதைத் தேக்கி ஒரே சீராக விடுகின்றன. தொட்டி கெட்டால் குழாய் துப்பும். சில்லு கணக்கைத் தப்பாகப் போடும். கெட்டுக்கொண்டிருக்கும் கெப்பாசிட்டர் குளிரில் இன்னும் மோசமாக வேலை செய்யும், சூடேறினால் கொஞ்சம் தேறும். அதனால்தான் ஏழு மணிக்கு மேல் சமர்த்து. எங்கள் வீட்டுக் கதை உலகத்தின் கதை என்று பின்னால்தான் தெரிந்தது. 1999-இலிருந்து சில ஆண்டுகள், சரியான கலவை இல்லாத திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் எத்தனையோ நிறுவனங்களின் மதர்போர்டுகளில் ஏறிவிட்டன. அந்தத் திரவத்தில் இருந்த நீர் உள்ளே அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாக, டப்பா உப்பி வெடித்தது. உலகமெங்கும் வீடுகளில் அந்த வருஷங்களில் ஃபார்மட் அடித்தவர்களில் பலர் இந்த டப்பாவுக்காகத்தான் அடித்திருப்பார்கள்.

1,500 மைக்ரோஃபாரட், 105 டிகிரி தாங்குவது, லோ இ.எஸ்.ஆர். வகை. இப்படிச் சீட்டில் எழுதி நண்பனிடம் கொடுத்தனுப்பி ரிச்சி தெருவிலிருந்து ஒன்பதையும் வரவழைத்தேன். மதர்போர்டு பல அடுக்குப் பலகை, உள்ளே இருக்கும் செம்புத் தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈயம் லேசில் உருகாது. பாய் பெரிய சால்டரிங் அயர்னை எடுத்தார். டப்பாவைக் கழற்றிய பிறகு துளையில் ஈயம் அடைத்துக்கொள்ள, எவர்சில்வர் ஊசி ஒன்றைச் சூடான ஈயத்தில் நுழைத்துச் சுற்றி எடுத்தார். எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது, துளை வட்டமாகத் திறந்துகொண்டது. ஒவ்வொரு டப்பாவையும் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ் பக்கம் வருகிறதா என்று இரண்டு முறை பார்த்து நட்டார். மாற்றிப் போட்டால் வெடிக்கும். மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிந்தது. கூலி நூற்றைம்பது ரூபாய். வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்கினோம். ஒற்றை பீப். “வந்துருச்சாப்பா?” என்றார் அம்மா. அப்பா எதுவும் பேசாமல் நோட்டை எடுத்துத் தேதி போட்டார்.

அந்தப் பெட்டி அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஓடியது.

மகளுடைய பழைய மடிக்கணினி 2023-இல் அதே மாதிரி நிற்கத் தொடங்கியபோது நான் ஆசையோடு மூடியைத் திறந்தேன். ரேம் பலகையோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருந்தது. கழற்ற ஒன்றுமில்லை, தேய்க்க ஒன்றுமில்லை. சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்றவேண்டும் என்றார்கள், சொன்ன விலைக்குப் பாதிப் புதுக் கம்ப்யூட்டர் வந்துவிடும். அது ஏன் செத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புதிய இயந்திரங்கள் அன்றுபோல நிற்பதில்லை என்பது உண்மை. மின்சாரம் போனாலும் ஓடுகின்றன, எழுதியதைக் காப்பாற்றிக் கொடுக்கின்றன, சத்தமும் தூசும் கிடையாது. அதற்கெல்லாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் திறந்து பார்க்கும் உரிமையையும் சேர்த்து விற்றுவிட்டோம், அது எனக்குச் சம்மதமில்லை.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் ஒரு பழுதான கோப்பு இறங்கி, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். அன்று பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய், சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பைக் கையால் அழித்தார்கள். செய்தியில் அதைப் பார்த்தபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் இருந்திருந்தால் ஒரு நோட்டு வாங்கிவரச் சொல்லியிருப்பார்.

அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கடைசி வரி அவர் கையெழுத்து: காலை 4.40, மோட்டார் ஓடவில்லை, நிற்கவில்லை.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் காரணமில்லாமல் நிற்கிறதா? ஃபார்மட் அடிக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, மணி, அப்போது ஓடிய வேலை, திரையில் வந்த எழுத்து, அவ்வளவு போதும். பதினைந்து நாள் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள், மூடி கழலுமானால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், முடிந்தால் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டோடு போனால் ரிப்பேர் கடைக்காரரும் உட்காரச் சொல்லிப் பேசுவார்.